மீன்களுக்கு நான் கொடுத்த ஓய்வு

தேநீரில் இனிப்பு போதாவிட்டால் சொல்லுங்கள், மேடம். என் மனைவி வெர்லீன் போட்டால் பாகு மாதிரி இருக்கும். அவள் தன் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதனால் இன்றைக்கு என் கைப்பக்குவம்தான். ஐஸ் வேண்டிய மட்டும் இருக்கிறது. உங்கள் மீன்வளத் துறையின் ஒலிப்பதிவுக் கருவியை மேஜையின் இந்தப் பக்கம் வையுங்கள், அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் இரையும். நான் சொல்வதில் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது. பிறகு கார்லிஸ் எதையோ மறைத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

இந்த டல்வேகா ஏரிக்கரையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கார்லிஸ் டிட்வெல் என்றால் நியாயம் என்பார்கள். பாஸ் என்கிற ஏரிமீனைத் தூண்டிலில் பிடிக்கும் எங்கள் போட்டிச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். தேர்தல் வைத்தால் எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காது. ஆளுக்கு ஐந்து மீன், உயிரோடு கொண்டுவர வேண்டும், மொத்த எடை யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார். செத்த மீன் கொண்டுவந்தால் எடையில் கழித்துவிடுவோம். மூன்று மணிக்குக் கரை சேராதவர் ஆட்டத்திலேயே இல்லை. எங்கள் சபைப் போதகரே ஒருமுறை தாமதமாக வந்தார். இஞ்சின் மக்கர் பண்ணிவிட்டதாம். நான் அவருடைய மீன்களைத் தராசுப் பக்கமே விடவில்லை. மறுநாள் ஆராதனையில் மன்னிப்பைப் பற்றி நீளமாகப் பிரசங்கம் செய்தார், என்னையே பார்த்துக்கொண்டு. நான் முன்வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொன்னேன்.

டெல்பர்ட்டைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வெர்லீனின் தம்பி. வெகுகாலம் நானும் அவனும் ஒரே படகில்தான் போனோம். அவன் ஓட்டுவான், நான் இடம் சொல்வேன். எந்த மாதத்தில் எந்தக் கட்டைக்கு அடியில் மீன் ஒதுங்கும் என்பது எனக்கு மனப்பாடம். பிறகு அவன் சொந்தமாகப் படகு வாங்கினான். வெளியூர் ஆட்களை ஏரிக்குக் கூட்டிப்போய் மீன் பிடித்துக் காட்டுவதையே பிழைப்பாக்கிக்கொண்டான். அதோடு அந்தத் திரையையும் வாங்கினான். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, படகுக்கு முன்னால் கிடக்கும் மீனை அப்படியே படமாகக் காட்டும் கருவி. சட்டப்படி தப்பில்லை. நானும் தப்பு என்று சொல்லவில்லை.

ஒருநாள் என்னை அந்தப் படகில் ஏற்றிக்கொண்டான். ஒரு பழைய மரக்கட்டை வந்தது. இந்த மாதத்தில் இங்கே மீன் தங்காது, மேலே போ என்றேன்.

“மாமா, கட்டைக்கு அடியில ஒரு குண்டம்மா உக்காந்திருக்கா. கூப்பிடட்டுமா?”

“அது கிளைடா.”

“கிளை எங்கயாவது வால ஆட்டுமா மாமா?”

தூண்டிலை வீசினான். குண்டம்மா வந்தாள். நாலு பவுண்டுக்குக் குறையாது. “உங்க மனப்பாடத்த இனிமே பள்ளிக்கூடத்துல போய் ஒப்பிங்க மாமா,” என்று தொடையைத் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்கு அந்த மீனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. தன்பாட்டுக்கு நிழலில் கிடந்த ஜீவன். அதை டிவியில் பார்த்துவிட்டுப் பிடிப்பது என்ன நியாயம்? வெர்லீன் இதை வயிற்றெரிச்சல் என்கிறாள். அதற்குப் பிறகு வந்த போட்டிகளையெல்லாம் டெல்பர்ட்தான் ஜெயித்தான் என்பதால் அவளுக்கு அப்படித் தோன்றுகிறது. நான் மேடையில் நின்று அவனுக்குக் கோப்பை கொடுத்து, கட்டிப்பிடித்து, போட்டோவுக்கும் நின்றேனே. வயிறு எரிகிறவன் அதைச் செய்வானா?

என் கவலையெல்லாம் மீன்களைப் பற்றித்தான். செவ்வாய்க்கிழமை மாலைப் போட்டி, சனிக்கிழமைப் போட்டி, பள்ளிக்கூடப் போட்டி, மின்சார ஊழியர் போட்டி, சபைகள் சேர்ந்து நடத்தும் போட்டி. யாராவது செத்தால் அவர் நினைவாக ஒரு போட்டி. ஒரு மீன் நிம்மதியாக வாயைத் திறக்க முடியாது இந்த ஏரியில். நான் எடை மேடையில் நிற்பவன், பார்த்திருக்கிறேன். உதடெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை. பிடிப்பதும், எடை போடுவதும், கைதட்டுவதும், விடுவதும், மறுவாரம் அதையே பிடிப்பதும். ஒரு மனுஷனை இப்படிப் படுத்தினால் நீங்களே வந்து கைது செய்வீர்கள். இவற்றுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் என்ன என்று தோன்றியது. ஆரம்பம் அவ்வளவுதான்.

எடை முடிந்ததும் மீன்களைத் தொட்டி வண்டியில் ஏற்றி, ஏரியின் மறுகோடிக்குக் கொண்டுபோய் விட வேண்டும். கரையோரமே விட்டால் எல்லாம் அங்கேயே கும்பலாகக் கிடக்கும், மறுநாள் எவனாவது சுலபமாகப் பிடித்துவிடுவான். இந்த விதியைக் கொண்டுவந்ததும் நான்தான். ஆனால் வண்டி கிளம்பும் நேரம் பார்த்துத்தான் கரையில் பன்றி இறைச்சி சுட்டு இறக்குவார்கள். அந்த வாசனையை விட்டுவிட்டு மீன் தொட்டியோடு எவன் வருவான்? “கார்லிஸ் அண்ணே, உங்களுக்கு ஒரு தட்டு மூடி வச்சிடறோம், நீங்க போயிட்டு வாங்க,” என்பார்கள். தலைவரே வண்டி ஓட்டுகிறாரே என்று உருகுவார்கள். இத்தனை காலத்தில் ஒருவர்கூட என்னோடு வந்ததில்லை.

என் நிலத்தில் ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. நீங்கள் பூட்டை உடைத்துப் பார்த்ததுதான். சாவி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுப் போன பள்ளம், ஊற்று நிரம்பி நீலமாகக் கிடக்கும். சங்கத்தில் இருந்து வரும்போது வலதுபக்கம் திரும்பினால் குவாரி, நேராகப் போனால் ஏரியின் மறுகோடி. அன்றைக்கு நல்ல வெயில். அவ்வளவு தூரம் போவதற்குள் தொட்டியிலேயே மீன்கள் துவண்டுவிடுமோ என்று வலதுபக்கம் திரும்பினேன். ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்தேன். அவை ஒவ்வொன்றாக அந்த நீலத்துக்குள் இறங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூண்டில் இல்லை, திரை இல்லை, டெல்பர்ட் இல்லை. திரும்பி வந்து, மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து, திருப்தியாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வெயில் இல்லாத நாட்களிலும் வலதுபக்கமே திரும்பினேன். ஒரு தொட்டி மீனுக்கு ஓய்வு, இன்னொரு தொட்டிக்குத் தூண்டில் என்றால் அது பாரபட்சம் அல்லவா?

டெல்பர்ட் கடைசியாக ஜெயித்த போட்டி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்து பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒரு பெண்மீன். இடது கண் பால் மாதிரி வெளுத்திருக்கும், முதுகுத் துடுப்பில் ஒரு பிளவு. அவன் அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிவந்து என் தொட்டியில் இறக்கினான். “இவள மட்டும் பாத்து விடுங்க மாமா. வயசானவ,” என்றான். பார்த்துத்தான் விட்டேன்.

இரண்டு மூன்று கோடை போயிற்று. எடை மேடைக்குப் பெரிய மீன் வருவது நின்றது. ஆட்கள் வெறும் பையோடு கரையேறினார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கொக்கு தின்கிறது என்றார்கள், களைக்கொல்லி என்றார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் டெல்பர்ட்டின் திரைமேல் விழுந்தது. அவன்தான் ஏரியைத் துடைத்து எடுத்துவிட்டான் என்று சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நான் தலைவர், ஒரு பக்கமும் சாயக் கூடாது. எல்லாரையும் பேசவிட்டேன். படகுத்துறையில் கடை வைத்திருக்கும் ஓபல் எழுந்தாள். அவள் வாய் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

“என் கடையில ரப்பர் புழு வாங்க ஒரு நாதியில்ல. எல்லாத்தையும் டிவி பாத்தே புடிச்சிட்டான் இந்த மகராசன். தூண்டில் எதுக்குடா உனக்கு, ரிமோட் போதுமே!”

சிரித்தார்கள், கைதட்டினார்கள். டெல்பர்ட் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“மாமா, நீங்களாவது சொல்லுங்க. நான் புடிச்ச ஒவ்வொரு மீனையும் உயிரோட உங்க கையில குடுத்தேனா இல்லையா?”

“குடுத்த மாப்ளே,” என்றேன். “ஒண்ணுகூட சாகல.”

நான் பொய் பேசுகிறவன் இல்லை, மேடம். அவன் அதற்கு மேல் என்னை எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. வாக்கெடுப்பு நடத்தினேன். போட்டிகளில் இருந்து அவனை விலக்கினார்கள். தலைவர் வாக்களிக்கக் கூடாது என்பது விதி, அதனால் நான் கையைத் தூக்கவில்லை. ஏரியைக் காலி செய்தவன் என்று பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் எந்த வெளியூர்க்காரன் அவனோடு படகில் ஏறுவான்? படகை விற்றான். திரையையும் விற்றான். இப்போது கோழிப்பண்ணைக்கு லாரி ஓட்டுகிறான். எங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டையில் இறகு ஒட்டியிருக்கும். நான் அதைச் சொல்லிக் கிண்டல்கூடச் செய்ததில்லை. அவன் போனதும் வெர்லீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவாள். எனக்கும் மனசு சங்கடப்பட்டது. படகை எடுத்துக்கொண்டு ஏரியில் ஒரு சுற்று வருவேன். அவன் இல்லாத ஏரி எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா. சங்கடம் குறைந்துவிடும்.

குவாரிக்கு அனுப்பியதோடு என் பொறுப்பு முடிந்துவிடுமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போய்ப் பார்ப்பேன். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உதட்டுக் காயம் ஆறியதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கைக்கு வர வேண்டும் என்றால் தூண்டிலைத் தவிர வேறு வழி ஏது? எல்லாம் நன்றாகவே இருந்தன. ஏரியில் வளர்த்த தொப்பையெல்லாம் கரைந்து, உடம்பு ஒல்லியாக, தலை எடுப்பாக. சின்ன மீன்களைத்தான் வரவரக் காணவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

போன மாதம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி மாட்டினாள். என் கை நீளம். மேடம், நீங்கள் சட்டம் பார்க்கிறவர், தூண்டில் போடுகிறவர் இல்லை. அவ்வளவு நீள பாஸ் மீனைப் பிடித்துவிட்டு, எடை போடாமல், நாலு பேருக்குக் காட்டாமல் ஒருவன் திரும்ப விட்டான் என்றால் அவனைப் பெற்றவளே நம்ப மாட்டாள். ஜெயிலுக்குப் போவாய் என்று சொன்னாலும், முதலில் எடை, பிறகு ஜெயில் என்பான். தொட்டியில் போட்டு ஓபலின் தராசுக்குக் கொண்டுபோனேன். இந்த ஏரியிலேயே இதுவரை வராத எடை என்று வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

கூட்டம் கூடிவிட்டது. ஓபல் தராசைத் துடைத்து வைத்தாள். மீனை வைத்தேன். ஆறு பவுண்டுகூட இல்லை.

“என்ன கார்லிஸு, மீனக் கொண்டாரச் சொன்னா மீனோட சட்டைய மட்டும் கழட்டிக் கொண்டாந்திருக்க?” என்றாள் ஓபல்.

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போது டெல்பர்ட் உள்ளே வந்தான். லாரிக்கு டீசல் போட நின்றவன், சிரிப்புச் சத்தம் கேட்டு வந்திருக்கிறான். அவன் சிரிக்கவில்லை. தராசில் இருந்த மீனை இரண்டு கையாலும் தூக்கினான். வெளுத்த கண்ணைப் பார்த்தான். துடுப்பில் இருந்த பிளவை விரலால் விரித்துப் பார்த்தான். ஒட்டிப்போன வயிற்றைத் தடவினான்.

“மாமா, இவள எங்க வச்சிருந்தீங்க?”

நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“திங்க என்ன குடுத்தீங்க இவளுக்கு?”

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஓபல்தான் உங்களுக்குப் போன் செய்தாள் என்று தெரியும், பரவாயில்லை, அவள் கடமை அது. வெர்லீன் அன்றைக்கு மாலையே பெட்டியைக் கட்டிவிட்டாள். “என் தம்பி இறகு ஒட்டுன சட்டையோட உக்காந்திருக்கறத நீ எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே சோளரொட்டி தின்னியே,” என்றாள். தின்றேன்தான். நல்ல ரொட்டி.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போட்டியிலும், ஒவ்வொரு தொட்டியையும், ஒரு மீன் மிச்சமில்லாமல் நான்தான் கொண்டுபோனேன். டெல்பர்ட் ஏரியைக் காலி செய்யவில்லை. நான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன், அவனை விலக்கியபோதும் தெரிந்துதான் இருந்தேன். எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கையோடு ஓபலின் தராசையும் சோதித்துவிடுங்கள், அதில் ஏதோ கோளாறு இருக்கிறது.

சங்கம் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் தலைவர் இல்லாமல் நடந்த கூட்டம் விதிப்படி செல்லாது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மீன்களை ஏரிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் தொட்டி வண்டியை அவனே ஓட்டப்போகிறானாம். ஓட்டட்டும். இந்தத் தடவை ஊரே பின்னால் வருமாம், பன்றி இறைச்சியை விட்டுவிட்டு.

ஒரே ஒரு விஷயத்தில்தான் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் குவாரியில் இரையே கிடையாது, மீன்கள் பட்டினியில் ஒன்றையொன்று தின்கின்றன என்று வந்ததும் வராததுமாகச் சொன்னீர்கள். அவற்றைக் கொண்டுபோவதற்கு முன் என்னோடு ஒருமுறை வந்து பாருங்கள். கரையில் என் நிழல் விழுந்தால் போதும், எல்லாம் வாயைத் திறந்துகொண்டு ஓடி வருகின்றன. புழுகூட வேண்டாம், வெறும் தூண்டில் முள்ளையே கவ்வுகின்றன. டெல்பர்ட் அவ்வளவு பெரிய திரையை வைத்துக்கொண்டு ஏரி முழுக்கத் தேடினானே, அவனிடம் ஒன்றாவது இப்படி ஓடி வந்ததா என்று கேளுங்கள். என்னைப் பார்த்த சந்தோஷம், மேடம். வேறென்ன இருக்கப்போகிறது.