ஒரே எடையை மூன்று முறை கண்ட மில்லிமீட்டர் அக்காவுக்கு

கண்ணுக்கு எட்டாததைக் கணக்கில் கட்டியவரே! கையகலத் தகட்டில் ககனம் அளந்தவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் அளவுக்கூடத்தின் மூலை மேசையை முறையாய் ஆண்டு இன்று பணி ஓய்வு பெறும் மில்லிமீட்டர் அக்காவே! வணங்கி வாழ்த்துகிறோம்.

மதிலுக்கு அப்பால் நடப்பவரின் தோள் சாய்வதைக் கண்டே அவர் கையிலுள்ள வாளியின் கனத்தைச் சொல்வதுபோல, விண்மீனின் மயிரிழைத் தள்ளாட்டத்தைக் கண்டே அதைச் சுற்றும் காணாக் கோளின் எடையைச் சொன்னீர்கள். வானத்தைப் படமெடுத்த ஒவ்வொரு ஒளிப்படத் தகட்டையும் நேராக வைத்து ஒருமுறை, தலைகீழாய்த் திருப்பி வைத்து மறுமுறை அளந்தீர்கள். கண்ணின் சாய்வு கணக்கில் ஏறிவிடக் கூடாதாம்! அந்தப் பிடிவாதத்தால் எங்கள் தேநீர் இடைவேளைகள் பல பாழாயின என்பதையும் பாராட்டாகவே பதிவு செய்கிறோம்.

முதல் விண்மீனில் தாங்கள் கண்ட கோளின் எடை, வியாழனைப்போல் நாலேகால் மடங்கு. பதினோராம் ஆண்டில் அந்தத் தள்ளாட்டம் நின்றது. நமக்கு இன்னும் அருகிலுள்ள வேறொரு விண்மீன் தள்ளாடத் தொடங்கியது. எடை அதே நாலேகால்.

"என்னக்கா, பழைய தாளையே பார்த்து எழுதிட்டீங்களா?" என்று சிரித்தோம்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்பா. அதான் இன்னொரு தடவ திருப்பி வச்சுப் பார்த்தேன்" என்றீர்கள். தாங்கள் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டாம் ஆண்டில் அதுவும் நின்றது. அதைவிட அருகிலுள்ள மூன்றாவது விண்மீன் தள்ளாடியது. மறுபடியும் நாலேகால்! "அக்காவுக்குக் கண்ணாடி மாத்தணும் சார்" என்று இயக்குநரிடமே போய்ச் சொன்னோம். வெட்கப்படுகிறோம்.

சென்ற மாதம், தங்களுக்குப் பரிசளிக்கவென்று அத்தனை தகடுகளையும் நாங்கள் நால்வரும் புதிதாய் அளந்தோம். மூன்றிலும் நாலேகால்தான். கடைசி ஓராண்டுத் தகடுகளில் மூன்றாவது விண்மீனும் தள்ளாட்டம் நின்று நேர்கோட்டில் செல்கிறது. அதைவிட நமக்கு அருகில் ஒரே ஒரு விண்மீன்தான் உண்டு. அதன் வெயிலில்தான் இந்த மடலை இப்போது வாசிக்கிறோம்.

அக்கா, எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

சென்ற வாரத் தகடுகளில் அருகிலுள்ள விண்மீன்கள் எல்லாம் ஒரே பக்கம் மயிரிழை நகர்ந்திருக்கின்றன. நம் சூரியன் தள்ளாடி, அதோடு நாமும் சாய்ந்தால்தான் அப்படித் தெரியும். நேராக வைத்து மட்டுமே அளந்தோம். எங்கள் கண்ணின் சாய்வாகவும் இருக்கலாம்.

நோயின்றி நொடியின்றி நூறாண்டு வாழுங்கள் அக்கா! ஓய்வெடுங்கள் என்று சொல்லத்தான் நா எழவில்லை. திங்கட்கிழமை எப்போதும்போல் ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள். தகடு கருவியிலேயே இருக்கிறது. அதைத் திருப்பி வைக்க எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை.

அன்போடும் அச்சத்தோடும்,
அளவுக்கூடப் பணியாளர்கள்