வெள்ளை விரிப்பில் ஒரு நீலம்

பூ வரைகிறவனுக்கு எப்போதும் அவசரம்தான், ஐயா. எண்ணெய் வண்ணம் காய மூன்று நாளாவது ஆகும். ஜன்னல் வெயிலில் வைத்த ரோஜா மூன்று மணி நேரம் தாங்காது. அதனால் பூவை முதலில் முடித்துவிட வேண்டும். மேசை விரிப்பை ஆற அமர வரைந்துகொள்ளலாம்.

அன்று காலை கண்ணாடி டம்ளரில் இரண்டு மஞ்சள் ரோஜா வைத்தேன். மஞ்சள் எடுபடவில்லை. பக்கத்தில் கொஞ்சம் நீலம் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. உள்ளே அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் அவளுடைய நீல இன்ஹேலர். எடுத்து வந்து டம்ளர் அருகே வைத்தேன். படத்துக்கு உயிர் வந்துவிட்டது.

என்னை வளர்த்தவள் அவள். நன்றி மறந்தவன் இல்லை நான். ஆனால் ஒரு படத்தையாவது நிம்மதியாக முடிக்க விட்டாளா? டர்பன்டைன் வாடை மூச்சை அடைக்கிறது, ஜன்னலைத் திற, ஜன்னலை மூடு. "பூவைப் பாத்து வரையிறியாடா, இல்ல முட்டைக்கோஸப் பாத்தா?" என்று கேலி வேறு. சிரித்துவைப்பேன். உள்ளே எரியும்.

பத்தரைக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, என் மருந்தக் காணோம்டா. கொஞ்சம் பாரேன்."

குரல் இழுத்தது. ஒரு ரோஜா அதற்குள் தளர்ந்திருந்தது. "பாக்கறேன்க்கா" என்றேன். நீலத்தின் ஓரத்தில் வெளிச்சம் அப்போதுதான் சரியாக விழுந்திருந்தது.

அடுத்த முறை 'தம்பி' மட்டும் வந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு இன்ஹேலரைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டேன். படத்தில் இருந்ததன் மேல் வெள்ளையைப் பூசி விரிப்பாக்கினேன். கையெட்டாமல் போய்விட்டது போலிருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் அழுதார்கள். நானும் அழுதேன், மனசாரத்தான்.

நீங்கள்தான் விசாரணைக்கென்று இரண்டு தடவை வந்து, படத்தில் மூக்கு உரசும்படி நின்றீர்கள். "வெள்ளைத் துணியில இங்க மட்டும் ஏன் நீலம்?" நிழல் என்றேன். "ஜன்னல் பக்கமாவா நிழல் விழும்?" என்றீர்கள். ஈர நீலத்தின் மேல் வெள்ளை பூசினால் நீலம் கலந்து மேலே வரும் என்பது கற்றுக்குட்டிக்கும் தெரியும். மூன்று நாள் பொறுத்திருக்க வேண்டும் நான்.

கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது தூரிகையை வைத்துவிட்டு எழுந்து போனேன். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சு வரவில்லை, என்னைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினாள்.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். டர்பன்டைன் வாடை அவளுக்கு ஆகாது.