வாரத்துக்கு அரைக் கட்டை

சேர்ந்திசைக்குப் பாட்டு எடுப்பது பந்திக்குச் சமைப்பது மாதிரிதான் ஐயா. பல் இல்லாதவருக்கும் இலையில் ஏதாவது இருக்க வேண்டும். திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்குப் பத்தொன்பது வருடமாக நான் அப்படித்தான் எடுத்து வருகிறேன். உச்ச சுரம் எத்தனை தடவை வருகிறது, மூச்சு விட எங்கே இடம் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவேன். இருபது வயதில் என் குரல் உடைந்து இப்படிக் கரகரத்துப் போனதிலிருந்து அந்தக் கவனம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

கலைப்பிரியா பதினொன்றாம் வகுப்பு. பெருமுக்கல் பெண். நல்ல குரல், மறுக்கவில்லை. ஆனால் இருபத்தாறு பேர் பாடுகிற இடத்தில் ஒரு குரல் மட்டும் கேட்டால் அது சேர்ந்திசை ஆகாது. போன வருடம் நடுவர் மேடையிலேயே, "அந்தக் கடைசிப் பொண்ணு ஒருத்தி போதுமே, மத்தவங்க எதுக்கு?" என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. மற்ற பிள்ளைகளுக்காகத்தான்.

ஜூலையில் அவள் டாக்டர் சீட்டோடு வந்தாள். குரல் நாணில் சின்ன முடிச்சு.

"மூணு மாசத்துக்கு ஒசத்திப் பாடக் கூடாதாம் டீச்சர். பாடுனா கொரலே பூடுமாம். மெதுவாப் பாடலாமான்னு அப்பா கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

"பாடலாம்மா. அதுக்கேத்த பாட்டா நான் பார்த்து எடுக்கறேன்."

பார்த்துத்தான் எடுத்தேன். ஏரி நிரம்புவதைப் பற்றிய பாட்டு. மற்றவர்களுக்குத் தணிந்த வரிகளைக் கொடுத்து, மேலே போகிற சரணத்தை அவளுக்கு மட்டும் வைத்தேன். நாலு கட்டை சுருதியில் அது அவளுக்குச் சுகமாகவே இருந்தது.

எங்கள் கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் சுருதி அரைக் கட்டை ஏறும். விரல் போகிற இடம் மாறாது. திங்கட்கிழமைதோறும் பிள்ளைகள் வருமுன் ஒரு தடவை அழுத்தினேன்.

ஐந்தாவது வாரம் அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், சுருதி ஏறிக்கினே போவுதா?"

"என் விரலைப் பாரு. அதே கட்டைதானே?"

குனிந்து பார்த்தாள். அதே கட்டைதான்.

"சாரி டீச்சர். எனக்குத்தான் பயிற்சி பத்தல."

விழுப்புரம் போட்டியன்று சுருதி ஏழு கட்டை. சரணத்தின் மூன்றாவது வரியில் அவள் குரல் கீச்சிட்டு நின்றது. வாய் மட்டும் அசைந்தது. மற்ற இருபத்தைந்து பேரும் தணிந்த வரியைப் பிடித்துப் பாடி முடித்தார்கள். யார் நின்றாலும் நிறுத்தக் கூடாது என்று முன்பே பழக்கியிருந்தேன்.

விசாரிக்க வந்த நீங்கள், பிள்ளைகள் முதல் வாரம் செல்போனில் பதிவு செய்த பாட்டையும் போட்டிப் பாட்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்தீர்கள். சரிதான். ஆறு தடவையும் அழுத்தியது நான்தான். டாக்டர் சீட்டு என் பாட்டு நோட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பழைய குரல் இனித் திரும்பாது என்பதும் தெரியும்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொறாமைக்காரி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாளா? போன வெள்ளிக்கிழமை வருகைப் பதிவுக்குப் பிள்ளைகளின் பெயரை அவளைத்தான் கூப்பிடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மனசு நிறைந்துவிட்டது. அசல் என் குரல் ஐயா.