சூளைப் பள்ளிக்கூடத்தில் எட்டுப் பேர்

— அந்த ரெண்டாவது பள்ளிக்கூடத்தைப் பத்தி எழுதியிருக்கிறதை மட்டும் திரும்பப் படிங்க டீச்சர். ஃபேன் சத்தத்துல சரியா காதுல விழல.

— தையலம்மா, விழாவுக்கு யூனிஃபார்ம் கொடுக்க வந்தீங்க, கொடுத்தாச்சு. இது விழா மலரோட புரூஃப். பன்னெண்டு மணிக்குப் பிரஸ்காரன் வந்து நிப்பான். நான் இன்னும் பாதிகூடப் பிழை பாக்கல.

— ஒரே ஒரு தடவை. எனக்குப் படிக்கத் தெரிஞ்சா உங்களை ஏன் தொந்தரவு பண்றேன்?

— சரி, கேளுங்க. "நமது பள்ளி முதலில் ஒரு குதிரை லாயத்தில் தொடங்கியது. மருந்துக்கடை வைத்திருந்த தம்பதியர் பதினான்கு பிள்ளைகளைச் சேர்த்து..."

— லாயம் வேணாம். அதுக்கு அடுத்தது.

— "லாயம் விற்கப்பட்டதும், செங்கல் சூளைக் கொட்டகையில் பள்ளி பதினோரு ஆண்டுகள் நடந்தது. கடும் மழையில் சுவர் இடிந்து எட்டு மாணவர்கள் உயிரிழந்தனர். ஒரே ஆசிரியராக இருந்தவர் தன் உயிரையும் பாராமல் இடிபாடுகளில் இறங்கிப் பிள்ளைகளை மீட்டார். அவருடைய விடாமுயற்சியால் இன்றைய கட்டடம் எழுந்தது." அவ்வளவுதான். கீழ எட்டுப் பேரோட பேரும் இருக்கு. வாசல் கல்லுல இருக்கிற மாதிரியே.

— உங்க அப்பாவைப் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க.

— நான் எழுதல, கமிட்டி எழுதுச்சு. மகளே ஹெட்மிஸ்ட்ரஸா உக்காந்துக்கிட்டு அப்பனைப் புகழ்ந்தா ஊரு வாயில விழ வேண்டியதுதான்.

— புகழ்ச்சி ஒண்ணும் பொய்யில்ல. வெறுங்கையால மண்ணைத் தோண்டுனாரு. நகமெல்லாம் பேந்து போச்சு. ஆனா மழையில இடிஞ்சுதுன்னு போட்டிருக்கீங்களே, அதான் இடிக்குது.

— மழைதானே பெஞ்சுது?

— மழை எல்லாச் சுவத்து மேலயும்தான் பெஞ்சுது. அந்தச் சுவரு வேகாத கல்லு டீச்சர். சூளையில சரியா வேகாம, வண்டியேத்த முடியாம ஒதுக்கிப் போட்ட கல்லு. பிள்ளைங்களுக்கு இது போதும்னு சூளை முதலாளி அதை வச்சே கட்டிட்டாரு. வெந்த கல்லு நனையும், வேகாதது கரையும். நாலு நாள் மழைக்கு அடிச் சுவரு குழைஞ்ச சோறா போயிருச்சு.

— இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படி?

— நாங்க சூளைக்காரங்க. எங்க அப்பா அங்க கல்லு அறுத்தாரு. என் தங்கச்சி அந்தச் சுவத்துக்கு அடியிலதான் போச்சு.

— என்ன சொல்றீங்க! முப்பது வருஷமா இந்த ரூமுக்கு வந்துட்டுப் போறீங்க, ஒரு வார்த்தை சொன்னதில்லையே. எந்தப் பொண்ணு? இருங்க, படிக்கிறேன், எதுன்னு சொல்லுங்க.

— படிக்காதீங்க. கல்லுல இருக்கிற எட்டுப் பேரையும் ஒருத்தரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவ பேரு அதுல இல்ல.

— இல்லாம எப்படி? அப்பாவோட பதிவேடு பீரோவுல பத்திரமா இருக்கு. நானே ஒப்பிட்டுப் பாத்தேன். எட்டு உடம்பு, எட்டுப் பேரு. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

— எட்டு சரிதான். நானும் ஒன்பதுன்னு சொல்லல.

— எனக்குப் புரியல தையலம்மா.

— அன்னைக்கு இன்ஸ்பெக்டர் வர்றதா இருந்துச்சு. பதிவேட்டுல முப்பது பேரு. முப்பதுல ஒண்ணு குறைஞ்சாலும் பள்ளிக்கூடத்தை மூடிடுவேன்னு போன தடவையே சொல்லிட்டுப் போயிருந்தாராம். ஆனா மழைன்னா சூளையில வேலை நெருக்கும். பச்சைக் கல்லையெல்லாம் நனையாம மேட்டுக்குத் தூக்கிப் போடணும். கைக்கு எட்டுன பிள்ளைங்களையெல்லாம் முதலாளி வேலைக்கு இழுத்துட்டாரு. உங்க அப்பா காலையில வீடு வீடா வந்தாரு. எங்க வீட்டுக்கும் வந்தாரு.

— வந்து?

— "பள்ளிக்கூடத்துல பேரிருக்கிற பிள்ளை வேலைக்குப் போயிட்டா பரவாயில்ல, இந்தச் சின்னதை அனுப்புங்க. கூப்பிடுறப்போ உள்ளேன் ஐயான்னு சொன்னாப் போதும்"னாரு. அவளுக்கு அஞ்சு வயசு. சேக்கிற வயசே வரல. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு நாக்குப் புரளல. "உள்ளே ஐயா, உள்ளே ஐயா"ன்னு குதிச்சுக்கிட்டே போனா. பள்ளிக்கூடம் போறோம்னு அவ்வளவு சந்தோஷம்.

— அப்பா அப்படிச் செய்ய மாட்டாரு. ஒரு நாள் வராத பிள்ளைக்கு வந்ததா கோடு போட்டவரில்ல அவரு.

— முதலாளி இடம் கொடுத்தாரு, சர்க்கார் சம்பளம் கொடுத்துச்சு, நடுவுல மாட்டுனது உங்க அப்பா. மூடிட்டா அந்த முப்பது பிள்ளையும் மறுநாளே சூளைக்கு மண்ணு மிதிக்கப் போயிரும். அதுக்குத்தான் செஞ்சாரு. அவரு கெட்டவர்னு சொல்ல வரல டீச்சர். பயந்தவரு, அவ்வளவுதான்.

— சுவரு விழறப்போ அப்பா எங்க இருந்தாரு? வாசல்ல நின்னாருன்னு அம்மா சொல்லுவாங்க.

— ரோட்டு முனையில. குடையோட. இன்ஸ்பெக்டர் சேத்துல வழுக்கி விழுந்துடக் கூடாதுன்னு கூட்டிட்டு வரப் போனாரு. அந்த ஆளு வரவே இல்ல.

— வரலையா?

— மழைக்குப் பயந்து வீட்டுலயே இருந்துட்டாராம்.

— ஐயோ.

— தண்ணி குடிங்க.

— நீங்க சொல்லுங்க.

— மூணாம் நாள் காலையில உங்க அப்பா வந்தாரு, ரெண்டு கையிலயும் கட்டோட. பதிவேட்டுல இல்லாத பிள்ளை உள்ள இருந்துச்சுன்னு தெரிஞ்சா ஜெயிலுன்னாரு. முதலாளியும் கூடவே வந்தாரு. படிக்கிற பிள்ளை அன்னைக்குச் சூளையில கல்லு சுமந்தது வெளிய தெரிஞ்சா எங்க அப்பாவுக்கு வேலை போயிரும்னாரு. ஆளுக்கு ஒரு பயம். "பதிவேட்டுல என்ன பேரு இருக்கோ, அந்தப் பேருலயே போகட்டும்"னு பேசி முடிச்சாங்க. எங்க அம்மா அப்புறம் சாகுறவரைக்கும் யாரோடயும் அவ்வளவா பேசல.

— ஒரு பொண்ணைப் புதைச்சுட்டு இன்னொரு பொண்ணு பேரை எழுதினாங்களா? அக்கம்பக்கம் யாருக்குமா தெரியல?

— சூளை ஆளுங்களுக்கு ஏது அக்கம்பக்கம்? சீசன் முடிஞ்சா ஆளுக்கு ஒரு திசை. அடுத்த வருஷம் வேற முகம்.

— நீங்க?

— என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷம். அதுக்குள்ள இந்தக் கட்டடம் வந்துருச்சு. எட்டுப் பிள்ளை செத்ததாலதான் வந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. திரும்பி வந்ததும் நானா கிளம்பி இந்தக் கேட்டுக்கு வந்து நின்னேன். படிக்கணும்னு ஆசை. உங்க அப்பா பாத்துட்டு ஓடி வந்தாரு. சேத்துக்க முடியாதும்மான்னாரு.

— என் அப்பாவா? கேட்டுல வந்து நின்ன பிள்ளையைத் திருப்பி அனுப்புனாரா?

— "உன்னைப் பாத்தா கேள்வி வரும்மா"ன்னாரு. சொல்லிட்டு கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. பெரிய மனுஷன் அழுது அன்னைக்குத்தான் பாத்தேன். பயந்து ஓடிட்டேன்.

— அதான் உங்களுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தாரா? நாங்கெல்லாம் அவரு தாராள மனசுன்னு நினைச்சோம்.

— தாராள மனசுதான். வருஷா வருஷம் யூனிஃபார்ம் தைக்கிறதையும் எனக்கே கொடுக்கச் சொன்னாரு. கடைக்கு வந்தா பெஞ்சுல உக்காருவாரு, மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு. ஒரே ஒரு தடவை, "நான் இருக்கிறவரைக்கும் சொல்லிடாதம்மா"ன்னாரு. சரின்னேன். போன வருஷம் அவரும் போயிட்டாரு. அந்தக் கடன் முடிஞ்சுது.

— நாளைக்கு மேடையில அவரு படத்தைத் திறக்கப் போறோம். ஹாலுக்கு அவரு பேரு வைக்கிறோம். இதை இன்னைக்கு வந்து சொல்றீங்களே.

— ஹாலுக்கு வைங்க. படத்தையும் திறங்க, நானும் வந்து கை தட்டுறேன். ஆனா நாளைக்கு அந்த எட்டுப் பேரையும் மைக்ல படிப்பீங்க. ஆயிரம் பேரு எந்திரிச்சு நிப்பாங்க. என் தங்கச்சிக்காக ஒருத்தரும் நிக்க மாட்டாங்க டீச்சர். செத்ததுக்கப்புறமும் அது வேற யாரோ மாதிரிதான் படுத்திருக்கு.

— இதை எழுதினா அப்பா பொய் சொன்னாருன்னு ஆகும். கமிட்டி என்னைப் பிச்சுப் பிடுங்கிடும்.

— ஆகும்.

— எழுதலன்னா, நானும் பொய் சொன்னேன்னு ஆகும்.

— நான் அப்படிச் சொல்லல.

— நீங்க சொல்ல வேணாம். பதிவேடு சொல்லும். அதைத் திறக்கிறப்பல்லாம் சொல்லும்.

— பிரஸ்காரன் வந்துட்டான் போலிருக்கு. வண்டிச் சத்தம் கேக்குது.

— நிக்கட்டும். வேகாத கல்லுங்கிறதையும் சேக்கிறேன். முதலாளி குடும்பம் முதல் வரிசையில உக்காந்திருப்பாங்க, கேக்கட்டும். ஆனா ஒண்ணு. உங்க தங்கச்சியை யாருக்குப் பதிலா உக்கார வச்சாங்களோ, அந்தப் பொண்ணு? அவ உயிரோட இருக்கிறப்பவே கல்லுல செத்தவளா இருக்காளே. அவ எங்க போனா? அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?

— அவளுக்குச் சம்மதம்தான்.

— சரி. பேனா எடுத்துட்டேன். உங்க தங்கச்சி பேரைச் சொல்லுங்க, எந்தப் பேரை அடிக்கணும்னும் சொல்லுங்க.

— தையலம்மான்னு என் கடை போர்டுல இருக்கே, என் பேருன்னு ஊரே கூப்பிடுதே, அது தொழிலால வந்த பேரில்ல, அவளோடது, அதை எழுதுங்க. எட்டாவதா இருக்கிறது என்னோடது டீச்சர், அதை அடிச்சிருங்க.