மரத்துப்போன இரண்டு விரல்கள்

என் செருப்பில் கல் எதுவும் கிடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடக்கும்போதெல்லாம் வலது பாதத்தில், விரல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு சரளைக்கல் உறுத்தும். நின்று, செருப்பைக் கழற்றி, தலைகீழாகத் தட்டுவேன். ஒன்றும் விழாது. திரும்பப் போட்டால் கல் மறுபடி அங்கேயே இருக்கும். சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், ஈஸ்வரபாண்டி அண்ணன் பாதி நேரம் செருப்பைத் தட்டிக்கொண்டுதான் நிற்கிறார் என்று சிரிப்பார்கள். சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. அது உங்கள் விசாரணைக்குச் சம்பந்தமில்லை, மேடம். கான்ஸ்டபிளிடம் அதை எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தேனியில் ஒரு டாக்டர் பார்த்தார். கால் விரல்களுக்கு நடுவே ஓடும் நரம்பு ஒன்று தடித்து முடிச்சு மாதிரி ஆகிவிட்டது, இரண்டு எலும்பும் சேர்ந்து அதை நசுக்குகின்றன என்றார். ஊசி போட்டுப் பார்த்தார். கொஞ்ச நாள் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கடைசியில் கீறி, அந்தத் துண்டு நரம்பையே எடுத்துவிட்டார். வலி போய்விடும், ஆனால் மூன்றாவது விரலிலும் நான்காவது விரலிலும் உணர்ச்சி இருக்காது, அடிபட்டாலும் தெரியாது, தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவி ராஜாத்தியிடம்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளிடம்தான் பேசினார்கள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபின் அவள் என்னைக் கவனித்துக்கொண்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலைத் தொங்கவிடக் கூடாது, தொங்கினால் வீங்கும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்கக் கூடாது, கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகாலைச் சும்மா விட வேண்டும். நர்ஸ் ஒரு தடவைதான் காட்டினாள், ராஜாத்தி பிடித்துக்கொண்டாள். குளிக்கும்போது பாதத்துக்கு பாலிதீன் பையைக் கட்டிவிடுவாள். காலையில் காபியோடு வந்து, "ராத்திரி வலிச்சுச்சா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அதனால் வலி நின்றதை நான் உடனே சொல்லவில்லை. இதைப் பொய் என்று நினைக்காதீர்கள். தையல் பிரித்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், வலி நின்றால் யாருக்கும் தெரியாது. டாக்டரே, "நரம்பு விஷயம், சில பேருக்கு நாளாகும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது பொய்யில் சேராது.

இதற்குள் கவாத்து வெட்டும் சமயம் வந்துவிட்டது. திராட்சைக்கு அதுதான் உயிர். கொடியை எங்கே வெட்டுகிறோம், ஒரு கிளையில் எத்தனை கண் விடுகிறோம் என்பதில்தான் அடுத்த காய்ப்பே இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் அதை நான்தான் சொல்வேன். வேலையாட்களிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன், காதில் விழ வேண்டுமே. இந்த முறை ராஜாத்தி போனாள். முதலில் சாயங்காலம் வந்து, என்ன செய்யட்டும் என்று கேட்டாள். பிறகு, இப்படிச் செய்தேன் என்று சொன்னாள். அப்புறம் சொல்வதும் நின்றுபோனது.

மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன பழைய மொபட் ஒன்று கொட்டகையில் கிடந்தது. ஒரு நாள் அதில் வந்து இறங்கினாள். யாரிடம் ஓட்டப் பழகினாய் என்று கேட்டேன்.

"வண்டிகிட்டதான்" என்றாள்.

அவள் கொடுத்த ஹார்லிக்ஸ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டியதில்லை என்று பிறகு தோன்றியது.

குமுளியிலிருந்து கிங்ஸ்லி வருவார். எங்கள் பழத்தை வருடக்கணக்கில் எடுக்கிற மலையாள வியாபாரி. முன்பெல்லாம் லாரியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்து உட்காருவார். இந்த முறை வாசற்படியிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, காலு எங்ஙன உண்டு? ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் எடுங்க. சேச்சி எங்க, தோட்டத்திலா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை, போய்விட்டார். எங்கள் தோட்டத்தில் நெடுநாளாக இருக்கிற மலைச்சாமியைக் கூப்பிட்டு, மேற்கு வரிசையில் மருந்து அடித்தாயா என்று கேட்டேன். "அக்காட்ட கேட்டுட்டுச் சொல்றேண்ணே" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அவன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது அவன் வேலைக்கு வருவதில்லை, அது வேறு விஷயம்.

அதன்பிறகு பொழுது சாய்ந்து ஆட்கள் போனதும், ராஜாத்தி அடுப்படியில் இருக்கிற நேரம் பார்த்து, நான் தோட்டத்துக்குள் நடந்து பார்க்க ஆரம்பித்தேன். வீட்டுக்குப் பின்னாலேயே தோட்டம் தொடங்கிவிடும், கடைசி வரிசைவரை போகத்தான் வண்டி வேண்டும். ஊன்றி நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த கம்பு இல்லாமல்தான் போனேன், வேகமாகவே போனேன். பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். குலைகள் நன்றாகவே இருந்தன. நான் கவாத்து சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லலாம். ஆனால் வாக்குமூலத்தில் பொய் சொல்லக் கூடாது. எனக்கு அப்படிக் காய்த்ததே இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

அறுப்பு நெருங்கும் சமயத்தில் ஒரு மழை பெய்தது. மறுநாள் கிங்ஸ்லியோடு விலை பேச வேண்டும், நானே வருகிறேன், கால் இப்போது தேவலை என்று ராஜாத்தியிடம் சொன்னேன். அவள் எனக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தேவலைதான். கால் ஆறி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சே" என்றாள். "தோட்டத்து ஈரத்துல ரெண்டு பாதமும் ஒண்ணுபோல பதிஞ்சு கெடக்கு. கம்பு ஊண்டுன குழியக் காணோம்."

தெரிந்தால் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? நீங்க இங்கன படுத்திருந்தா அங்கன சத்தம் சண்டையில்லாம வேலை ஓடுது. ஆளுக நின்னு வேலை பாக்குறாக. இன்னும் கொஞ்ச நாளைக்கு வலிக்கட்டும். ஒண்ணும் அவசரமில்ல." சட்னியை ஊற்றினாள். "காரம் போதுமா?"

போதும் என்றேன். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். அவள் காரம் கேட்ட குரலிலேயே அதையும் சொன்னாள். அன்றைக்கு இட்லியைச் சாப்பிட்டு முடித்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தேன். யாராவது ஒருவர் படுத்தால்தான் இன்னொருவர் எழுந்து நடக்கலாம் என்று அந்த வீட்டில் ஆகிவிட்டது. நான் என் பங்குக்குப் படுத்தாகிவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் அவள் குளிக்கப் போனதும் எழுந்தேன். செருப்பைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன், நான் எழவே இல்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கட்டும் என்று. தோட்டத்து நுழைவில் இரண்டு கல்தூண்கள் உண்டு. நடுவில் ஒரு வண்டி போகிற இடம்தான். ஆட்கள் மறுபக்க வழியாக வருவார்கள், காலையில் இந்த வழியில் அவள் மட்டும்தான். பந்தலுக்குப் போடுகிற கம்பி கொட்டகையில் சுருளாகக் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி இரண்டு தூணுக்கும் இடையே இழுத்துக் கட்டினேன். உயரத்தை யோசித்துத்தான் வைத்தேன். மேலே கட்டினால் கழுத்தில் பட்டுவிடும், உயிருக்கு ஆபத்து. நான் அப்படிப்பட்டவன் இல்லை. முன் சக்கரத்தின் பாதி உயரத்துக்குக் கட்டினேன். அந்த இடத்தில் ஒரு மேடு இருக்கிறது, அவள் மெதுவாகத்தான் வருவாள், கால் மட்டும்தான் போகும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பவில்லை.

கம்பியின் முனை கீழே நீட்டிக்கொண்டிருந்தது. மிதித்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் ஆவென்று கத்தியிருப்பார்கள். எனக்கு மூன்றாவது விரல். தெரியவில்லை.

வந்து படுத்துக்கொண்டேன். அவள் தலையில் துண்டோடு காபி கொண்டுவந்தாள். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவள் நின்றுவிட்டாள்.

"என்ன இம்புட்டு ரத்தம்? எங்கன போய் இடிச்சுட்டு வந்தீக?"

குனிந்து பார்த்தேன். விரிப்பெல்லாம் சிவப்பாக இருந்தது. பாத்ரூமுக்குப் போனேன், படியில் இடித்திருக்கும் என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துண்டாலேயே துடைத்தாள். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினாள். முந்தினநாள் அப்படிப் பேசியவளுடைய கை மாதிரியே இல்லை.

"டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாக, தினம் பாருங்கன்னு. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றாள். "அசையாம இருங்க. மருந்தடிக்கிற ஆளுகளுக்குச் சொல்லிட்டு வெரசா வந்துடறேன். வந்து கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுட்டு வருவோம்."

நீங்கள் கேட்டது இந்த இடத்தைத்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருக்கலாம். அவள் மொபட் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போகிறவரை நேரம் இருந்தது. நான் காபியைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

சத்தம் கேட்டது. மலைச்சாமிதான் முதலில் ஓடினான். நானும் ஓடினேன், கம்பு இல்லாமல். அதையும் எல்லோரும் பார்த்தார்கள். அவள் மொபட்டுக்கு அடியில் கிடந்தாள், நினைவு இருந்தது. அறுந்த கம்பியைப் பார்த்தாள். பிறகு என் விரலில் அவளே கட்டிய துணியைப் பார்த்தாள். அந்தத் துணியில் ரத்தம் ஊறியிருந்தது. வீட்டு வாசலிலிருந்து தூண் வரைக்கும், தூணிலிருந்து வாசல் வரைக்கும் தடம் இருந்ததாக மலைச்சாமி உங்களிடம் காட்டினானாம். காட்டியிருப்பான். தூணிலிருந்து வாசலுக்கு வந்த தடம் கட்டுப் போடுவதற்கு முன்னால் விழுந்தது. வாசலிலிருந்து தூணுக்குப் போன தடம் நான் ஓடினபோது விழுந்தது. அவனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன்.

கம்பியைக் கட்டியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்குக் கணுக்காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே ஓடுகிற ஒரு நரம்பும் சிதைந்துவிட்டது, இனிமேல் அந்தப் பாதத்தைத் தானாகத் தூக்க வராது என்று டாக்டர் சொன்னார். இந்த முறை என்னிடம் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்ததிலிருந்து நான்தான் எல்லாம் பார்க்கிறேன். அக்கம்பக்கத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். காலையில் காபி போட்டுக் கொடுக்கிறேன், தினமும் அவள் பாதத்தைப் பார்க்கிறேன், ராத்திரி வலித்ததா என்று முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் என்று திரை போட்டேன். மகன் வந்திருக்கிறான், அவனிடம் பேசுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசுகிறாள். என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வலி அதிகமாக இருந்தால் கட்டியவனிடம் பேச்சு வராதுதான்.

நீங்கள் முதலில் அவளிடம் விசாரித்தபோது, "அவரையே கேளுங்க" என்று மட்டும் சொன்னாளாம். அதை நீங்கள் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் என்னை விட்டுக்கொடுக்காமல், என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறாள் பாருங்கள். கம்பத்தில் எந்தப் பெண்ணுக்குப் புருஷன் மேல் அந்த மரியாதை இருக்கிறது? அதற்காகத்தான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். போட்டுவிட்டு நான் கிளம்ப வேண்டும். மகன் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்துவிடுவான், அவனுக்கு அதெல்லாம் தெரியாது. கால் வீங்கிவிடும். நான் இல்லாமல் அவளால் ஒன்றும் முடியாது.