கழுவிய டின்கள்

வீரசோழன் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண்ணின் காலடியில் காலி எண்ணெய் டின்கள் பளபளத்தன.

"டின்னக் கழுவியே எண்ணெய் வெலயக் குறைச்சுட்டேன்" என்றார், பக்கத்தில் இருந்தவளிடம்.

"அதெப்படிக்கா?"

"எல்லாரும் செக்குக்காரருகிட்ட காலி டின்னப் பிசுக்கோட திருப்பிக் கொடுப்பாக. அதுல மறுபடி எண்ணெய் ஊத்த முடியுமா? நான் சுடுதண்ணி ஊத்திக் கழுவி, வெயில்ல காயவச்சுக் கொண்டுபோவேன். புது டின்னு வாங்குற செலவு அவருக்கு மிச்சம். அதுல எனக்கும் கழிச்சுவிட்டாரு."

"நீங்க கேட்டீகளா?"

"வாயே தொறக்கல. அது மட்டுமா? போன தீவாளிக்கு யாவாரத்துக்குச் சேவு போடணும், எங்கயும் எண்ணெய் இல்ல. டவுனு பெரிய கடைக்காரரே வந்து காத்துக் கெடந்தாரு. செக்குக்காரரு என் டின்னத்தான் மொதல்ல நெரப்புனாரு. கடைக்காரரு சத்தம் போட்டாரு."

"அதுக்குச் செக்குக்காரரு?"

"'நீங்களும் கழுவிக் கொண்டாங்க'ன்னுட்டாரு."