எங்கள் வள்ளத்தை நீர்மூழ்கி என்றார்கள்

ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறோம், அண்ணையும் நானும். தாட்டு வைத்த வள்ளத்திலிருந்து கற்களைத் தூக்கி வெளியே போடுகிறோம்.

ஹெலிகொப்டரின் கண்ணில் படாமலிருக்க எங்கள் கரையில் அப்படித்தான். வள்ளத்தில் கல் நிரப்பிக் கடலுக்கடியில் தாழ்ப்போம். தேவைப்பட்டால் கிளப்புவோம். அன்று தேவைப்பட்டது. ஊரே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியும் பிள்ளையும் தாழம்பற்றைக்குள் காத்திருந்தார்கள். அவர்களை அக்கரை சேர்க்க வேண்டும்.

ஆவணி மாதம். வெள்ளிக்கிழமை. விடிகிற நேரம். வள்ளத்தின் விளிம்பு மேலே வருகிறது. தடதடவென்று எஞ்சின் சத்தம். நேவியின் பீரங்கிப் படகு.

"சுழியோடு தம்பி! சுழியோடு!"

அண்ணையின் கடைசிக் குரல். நான் சுழியோடினேன். தண்ணீருக்கடியில் வெடிச்சத்தம் கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. மூச்சு முட்டி எழுந்தேன். அண்ணை இல்லை. வள்ளத்தைக் கயிறு கட்டி இழுத்துப் போகிறார்கள்.

மாலை அரசாங்க வானொலிச் செய்தி. எதிரியின் நீர்மூழ்கி கடலில் கைப்பற்றப்பட்டது. ஓட்டியவர் கொல்லப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வாந்தி எடுத்தேன்.

இப்போது டொராண்டோ. அடுத்த வருடப் பனிக்காலம். வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ட். பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு பழைய பத்திரிகையை விரிக்கிறார். எங்கட இயக்க ஆக்கள் நீர்மூழ்கியே செய்துவிட்டார்கள் என்று அவருக்கு ஒரே புளுகம், பெருமை தாங்கவில்லை. படத்தில் பாசி பிடித்த வள்ளம். அதன் முன்முனையில், அணியத்தில், நான் வைத்த ஒட்டு.

இது எங்கள் மீன்பிடி வள்ளம் என்றேன். செத்தவர் என் அண்ணை என்றேன். அங்கிள் என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, இதை வெளியில கதையாதையும். இஞ்ச சனம் அந்த நீர்மூழ்கியை நம்பித்தான் நிமிந்து நடக்குது."

ஆத்திரம் பொங்கியது. அவர் கெட்டவரில்லை. அதனால் இன்னும் ஆத்திரம். கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னேன். தலையாட்டினார்கள். அடுத்த மாதம் ஒரு மண்டபத்தில் அண்ணையின் பெயருக்கு விளக்கேற்றினார்கள். நீர்மூழ்கி ஓட்டிய வீரர் என்றார்கள்.

செய்தி கடல் கடந்து போனது. கொழும்பிலிருந்து அண்ணி போன் எடுத்தா. பிள்ளை பக்கத்தில் அழுதுகொண்டிருந்தது.

"தம்பி, அவர் உண்மையாவே அதை ஓட்டினவரோ? எனக்கு மறைச்சவரோ?"

இல்லை அண்ணி, இல்லை என்றேன். அவ திரும்பவும் அதையே கேட்டா.

வள்ளம் ஒன்று போனது. வலை மூன்று. அண்ணை, வயது முப்பத்திரண்டு, உடல் கிடைக்கவில்லை. அவர் மீன் பிடித்துப் பிழைத்த மனிதர் என்பதும் போய்விட்டது.